மூன்றாம் தொட்டித் தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அண்ணா, இது முழுக்க நான் கண்ணால் பார்த்தது இல்லை. பாதிக்கு மேல் பவுனம்மாள் சொன்னது. பவுனம்மாள், நான் சொல்லப்போகிற அஞ்சலாட்சியக்காவின் நாத்தனார், ஒரே வீட்டில்தான் இருக்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். கூட்டியது என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு இடத்தில் நானே இருந்தேன். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

உங்கள் டோக்கன் எத்தனை? இருபத்தாறா. இப்போதுதான் பதினொன்று உள்ளே போயிருக்கிறது. இந்த மீன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொரு மீனையும் நிதானமாகத்தான் பார்ப்பார். எனக்கும் நேரம் ஆகும்.

உங்கள் மீன் கவரைக் கொஞ்சம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். ஆட்டாதீர்கள். அந்தப் பெரிய பெண் கப்பி மீனைப் பாருங்கள். அசையாமல் நிற்கும்போது பின்பக்கம் சிவப்பாக நூல் மாதிரி வெளியே வருகிறதா? இப்போது நகர்ந்ததும் உள்ளே போய்விட்டது, பார்த்தீர்களா? அது நூல் இல்லை. குடற்புழு. பிடித்து மட்டும் இழுத்துவிடாதீர்கள். உள்ளே குடலைக் கவ்விக்கொண்டிருக்கும். இழுத்தால் மீன் போய்விடும். அஞ்சலாட்சியக்கா முதல் மீனை அப்படித்தான் இழந்தார்.

நான் கால்நடை மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். விலங்கியல் படித்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதனால் கடைக்கு யார் வந்தாலும் முதலாளி, "படிச்ச பொண்ணு இருக்கு, அதுகிட்ட கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். தப்பாக ஒன்று சொல்லிவிட்டால் ஒரு உயிர் போய்விடும் இல்லையா? மருந்தின் அளவை நான் வாயால் சொல்வதே கிடையாது. சீட்டில் எழுதி, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். உங்களுக்கும் அளவு சொல்லமாட்டேன். டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

கொளத்தூரில் எங்கள் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி அஞ்சலாட்சியக்காவின் வீடு. கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். மொட்டை மாடியில் பதினாலு தொட்டி. கப்பிதான் அதிகம். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மீன் வளர்ப்பவர்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாகத் தொட்டி வைத்தாலும், நன்றாக ஓடுகிற பழைய தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வாங்கிவந்து முதலில் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற தண்ணீர், அதற்குப் பிறகுதான் மீன். அந்தக் குடத்தை யார் வீட்டிலிருந்து வாங்குகிறோம் என்பது பெரிய விஷயம். எட்டு வருடமாக எல்லாரும் வாங்கியது அஞ்சலாட்சியக்காவின் மூன்றாம் தொட்டியிலிருந்துதான். அந்தத் தொட்டியில் மீன் செத்ததே இல்லை என்பார்கள். கைராசி என்பார்கள். அக்கா வாயால் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் யாராவது குடத்தோடு மாடிப்படி ஏறினால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாராம். பவுனம்மாள் சொன்னது. இதைக் கழிக்கத் தோன்றவில்லை.

ஆடி முடிந்த முதல் வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுப் பிரமிளா புதுத் தொட்டி வைப்பதாக இருந்தது. கல்யாணமாகி மூன்று வருடம், கையில் பத்து மாதக் குழந்தை. அம்பத்தூரில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. காலையில் ஆறு மணி வண்டிக்குப் போனால் ராத்திரிதான் திரும்புவாள். மாமியார் கோமளம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நாற்பது ஏஞ்சல் மீன் குஞ்சு வாங்கி வளர்த்துப் பார், அது சாகாமல் நின்றால் நீ கம்பெனிக்குப் போகவேண்டாம், வீட்டிலிருந்தே மீனையும் குழந்தையையும் பார்த்துக்கொள் என்று. நிற்கவில்லை என்றால் மறுபடி ஆறு மணி வண்டி. அவ்வளவுதான் பேச்சு. குழந்தை பகலெல்லாம் அம்மாவைத் தேடி அழுகிறது என்பது தெருவுக்கே தெரியும்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அஞ்சலாட்சியக்கா தீனி போடும்போது அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தார். மூன்றாம் தொட்டியில்.

முதலில் ஏதோ துணி நூல் என்று நினைத்தார். வலையில் பிடித்து விரல் நகத்தால் இழுத்தார். நூல் வந்தது. கூடவே வேறு ஏதோ வந்தது. மீன் உள்ளங்கையிலேயே இரண்டு தடவை துடித்து நின்றுவிட்டது. நூல் மட்டும் நெளிந்தது.

அக்கா அதைக் கீழே போடவில்லை. கையை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். ஐந்து தொட்டிகளில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறொரு ஆளிடமிருந்து ஆறு ஆண் கப்பி வாங்கி, தனியாக வைத்துப் பார்க்காமல் நேராக விட்டிருந்தார். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலை.

"பவுனு, கதவச் சாத்து" என்றார்.

"ஏன் அண்ணி? இன்னா ஆச்சு?"

"சாத்துன்னா சாத்து."

பவுனம்மாள் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம்தான். பிறகு அவருக்கு மூளை வேறு பக்கம் ஓடியது. "அண்ணி, ரெண்டு மாசத்துல நம்ம கிட்ட தண்ணி வாங்கினவங்க எத்தினி பேரு?"

அக்கா விரல் விட்டு எண்ணினார். ஏழு வீடு.

"வாயத் தொறக்காத. சொல்லிட்டேன். ஏழு வீட்டுக்காரிங்களும் படியேறி வந்து நம்ம முடியப் புடிச்சுடுவாளுங்க. மருந்து வாங்கிப் போடு, சரியாப் போவும். யாருக்கும் தெரிய வேணாம்."

"வெள்ளிக்கிழம பிரமிளா குடம் எடுத்துனு வருவாளேடி."

பவுனம்மாள், "வந்தா பாத்துக்கலாம்" என்றாராம்.

மறுநாள் புதன்கிழமை அக்கா எங்கள் கடைக்கு வந்தார். இது நான் இருந்த இடம்.

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை அக்கா தீவன மூட்டைகளைப் பார்ப்பதுபோல் ஒதுங்கி நின்றார். பிறகு வந்து, தெரிந்தவர் வீட்டு மீனுக்கு என்று ஆரம்பித்தார். முந்தானையில் ஒரு சின்ன பாட்டில் முடிந்திருந்தார். அதில் அந்தப் புழு. நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படத்தில் மட்டும் பார்த்திருந்ததை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆடு, கோழிக்குக் கொடுக்கிற குடற்புழுப் பவுடர்தான் இதற்கும். எழுதிக் கொடுத்து விளக்கினேன். இந்த மருந்து புழுவைக் கொல்லாது, மயக்கிப்போடும். பிடி விட்டு வெளியே விழும். வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுவிடும், அதனால் தொட்டியைத் துணி போட்டு மூடவேண்டும். ஒரு நாள் கழித்து அடியில் கிடப்பதையெல்லாம் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் புழு மயக்கம் தெளிந்துவிடும், அல்லது மீனே கொத்தித் தின்றுவிடும். அந்தத் தண்ணீரைக் கக்கூஸில் கொட்டவேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்.

"அந்தத் தண்ணிய யார்னா புதுத் தொட்டிக்கு எடுத்துனு போனா?"

"ஒரு டம்ளர்கூடக் குடுக்கக் கூடாதுக்கா. புழுக்குஞ்சு கண்ணுக்கே தெரியாது. தண்ணியிலயே போயிடும்."

"சரி பாப்பா. பழைய தண்ணி ஊத்தாமலே புதுத் தொட்டி வெச்சா? மீன் நிக்குமா?"

"நிக்காதுக்கா. பழைய தண்ணியிலதான் நல்ல கிருமி இருக்கு. மீன் போடற கழிவ அதுதான் மாத்தும். அது இல்லன்னா கழிவே விஷமாயிடும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. எங்க பாடத்துலயே இருக்கு."

அக்கா சீட்டை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "அப்ப குடுத்தாலும் சாவும், குடுக்காட்டியும் சாவும்" என்றார். நான் சிரித்தேன். ஏதோ தமாஷாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். யாருடைய மீன் என்று கேட்டிருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். வாடிக்கையாளர் தானாகச் சொல்லாததைத் துருவிக் கேட்பது சரியில்லை என்பது என் எண்ணம். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். அதில் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் மருந்து கலந்தார்கள். வீட்டில் இருந்த போர்வை, பழைய புடவை, கணவரின் லுங்கி எல்லாம் தொட்டிகள் மேல் ஏறின. எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கோமளம்மா, "இன்னா அஞ்சல, மீனுக்குக் குளுருதா?" என்று கத்தினார். "வெயிலு ஜாஸ்தியா இருக்கும்மா" என்று அக்கா பதிலுக்குக் கத்தினார். வானம் மூடிக்கொண்டிருந்த நாள் அது. கோமளம்மா மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாராம்.

வியாழக்கிழமை மத்தியானம் போர்வையை நீக்கினார்கள். அடியில் சிவப்பு நூல்துண்டுகள் சிதறிக் கிடந்தன. சில லேசாகச் சுருண்டு விரிந்தன. பட்டினி கிடந்த கப்பிகளுக்கு அது தீனியாகத் தெரிந்தது. வரிசையாகத் தலைகீழாக இறங்கிக் கொத்த ஆரம்பித்தன. அக்கா ஒரு கையால் வலையை வீசி அவற்றை விரட்டிக்கொண்டே இன்னொரு கையால் குழாயைப் பிடித்து உறிஞ்சினார். "வேணாம், வேணாம், போ, அந்தாண்ட போ" என்று மீன்களிடம் கெஞ்சினார். பவுனம்மாள் வாளி வாளியாகக் கீழே சுமந்து கக்கூஸில் கொட்டினார். ஐந்து தொட்டி முடிய மூன்று மணி நேரம். அக்காவின் முழங்கை வரை தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

மூன்றாம் தொட்டி மீன்களை மருந்து போட்ட இன்னொரு தொட்டிக்கு மாற்றிவிட்டு, அதை மட்டும் அக்கா முழுக்கக் காலி செய்தார். கல், மண் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டார். தண்ணீரை வடிகட்டுகிற ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்தார். கண்ணாடியை உப்புப் போட்டுத் தேய்த்தார். டிரம்மில் இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரை நிரப்பினார். காய்ந்த பாதாம் இலைகளைப் பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, அந்தச் சாற்றை வடிகட்டி ஊற்றினார். தண்ணீர் மெல்ல மெல்லக் காவியேறி, எட்டு வருடம் ஓடிய தண்ணீர் மாதிரியே ஆகிவிட்டது.

பவுனம்மாள் பார்த்துக்கொண்டே நின்றார். "அண்ணி, இது பச்சத் தண்ணி. அந்தப் பொண்ணு கொயந்தய வெச்சுனு இதத்தான் நம்பி வருது."

"புழுவக் குடுக்கச் சொல்றியா?"

"இன்னிக்கி நாளு சரியில்ல, அப்புறமா வான்னு சொல்லு."

"நாளே நான்தானேடி பாத்துக் குடுத்தேன்."

"அப்ப உள்ளதச் சொல்லிடு."

முந்தாநாள் வாயைத் திறக்காதே என்றவரே இன்றைக்குச் சொல்லிவிடு என்கிறார். பவுனம்மாளே இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா கடைசியில் சொன்னது இதுதான்: "அவள மீன உடனே உட வேணாம்னு சொல்றேன். பத்து நாளு தொட்டி சும்மா ஓடட்டும். அதுக்குள்ள ஏதாச்சும் வழி பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஒன்பதே முக்காலுக்குப் பிரமிளா படியேறி வந்தாள். கையில் மஞ்சள் பூசிய பித்தளைக் குடம், இடுப்பில் குழந்தை. பின்னாலேயே கோமளம்மா மூச்சு வாங்கிக்கொண்டு.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"தொட்டியில மீனையே காணோம்?" கோமளம்மாவின் முதல் கேள்வி.

"குட்டி போடற நேரம்மா. பிரிச்சு வெச்சிருக்கேன்."

"எல்லாத்துக்கும் ஒரே நேரமா பிரசவம்?"

பவுனம்மாள் சத்தமாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அக்கா செம்பால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார். குழந்தை தாவிக் குடத்துக்குள் கையை விட்டது. அக்கா சட்டென்று அந்தக் கையைப் பிடித்தார். பிறகு, இந்தத் தண்ணீரில்தான் ஒன்றும் இல்லையே என்று ஞாபகம் வந்து விட்டுவிட்டார்.

கோமளம்மா குனிந்து முகர்ந்தார். "எப்பவும் ஒரு வாசன அடிக்குமே. இது எல வாசனையா இல்ல இருக்குது."

"பாதாம் எல போட்டேம்மா. மீனுக்கு நல்லது." இதில் பொய் இல்லை. பாதாம் இலை மீனுக்கு நல்லதுதான்.

"பிரமிளா, ஒண்ணு சொல்றேன் கேளு. மீன இன்னிக்கே உடாத. பத்து நாளு தொட்டி சும்மா ஓடட்டும்."

"அய்யோ அக்கா, மீனு வந்துனே இருக்குது. பன்னண்டு மணிக்குக் கவருல கொண்டாந்து தரேன்னு சொல்லிட்டாரு. நாப்பதையும் எங்க வெச்சுக்குவேன்? உங்க தண்ணி இருக்கப்போ எனக்கு இன்னாக்கா பயம்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அக்காவின் வாய் திறந்ததைப் பவுனம்மாள் பார்த்தாராம். பிரமிளா குடத்தைத் தலையில் வைத்துக்கொள்ளக் குனிந்தபோது, குழந்தையை வாங்கிக்கொள்ள அக்கா கையை நீட்டினார். குழந்தை வரமாட்டேன் என்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கோமளம்மா குடத்தை வாங்கிக்கொண்டார். மூவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை ஒன்றும் இல்லை. நாற்பதும் அழகாக நின்றன. அக்கா மாடியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பிரமிளா தெருவிலிருந்தே கூப்பிட்டாள். "அக்கா, எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது."

"தீனி போடாத. பாதித் தண்ணி மாத்து. ஓடு."

மாற்றினாள். திங்கட்கிழமை காலையில் ஒன்பது மீன் செத்து மிதந்தன. அக்கா தன் வீட்டு டிரம் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து போய் எதிர்வீட்டு மாடியில் ஊற்றினார். சோறு தின்னவில்லை. பத்து மணிக்குள் இன்னும் ஐந்து. அப்போதுதான் எங்கள் கடைக்குப் போன் செய்தார். "பாப்பா, தண்ணி பாக்கற மருந்து ஒண்ணு வெச்சிருக்கியே, அத எடுத்துனு வரியா?"

இது நான் இருந்த இரண்டாவது இடம். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

மாடியில் ஆறேழு பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லாரும் மீன் வளர்ப்பவர்கள்தான். பிரமிளா தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தாள். மடியில் குழந்தை. மீதி மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் சாய்ந்து சாய்ந்து நின்றன. நான் ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டேன். ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். தண்ணீர் மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சையாக மாறியது. கரும்பச்சை.

"கழிவு சேந்துடுச்சு. விஷம்தான் இது" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் காரணம் புரியவில்லை. காரணம் புரியாமல் நான் ஒன்றை விடமாட்டேன். கேட்டேன்: "பழைய தண்ணி ஊத்தாம வெச்சீங்களா?"

"ஊத்தினேனே" என்றாள் பிரமிளா. "அஞ்சலக்கா தண்ணிதான். மூணாந்தொட்டி."

"இருக்காதே. பழைய தண்ணி ஊத்தியிருந்தா இப்டி ஆகாது."

நான் அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. சோதனைக் குழாயைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள்.

அக்காவின் கையில் அப்போதுதான் சுமந்து வந்த குடம் இருந்தது. அதை இறக்கி வைத்தார். "அது பழைய தண்ணி இல்ல" என்றார். "பச்சத் தண்ணி. எலச் சாறு ஊத்திக் கலர் ஏத்தினேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. "இன்னா சொல்ற அஞ்சல?" என்றார் கோமளம்மா.

"என் மீனுக்குப் புழு வந்துடுச்சும்மா. மூணாந்தொட்டியில. அந்தத் தண்ணியக் குடுத்தா இவ மீனுக்கும் வந்துடும். அதான் மாத்திக் குடுத்தேன்."

"வாயில சொல்றதுக்கு இன்னா?"

அக்கா மற்ற பெண்கள் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசமா என் கிட்ட எடுத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போயி பாருங்க. மீனு பின்னாடி செவப்பா நூலு மாதிரி தொங்கும். இருந்துதுன்னா இதோ இந்தப் பாப்பா மருந்து எழுதிக் குடுக்கும். இழுக்காதீங்க."

ஒருத்தி கும்பிடுவதுபோல் கையைக் குவித்துக் காட்டி, "நல்ல கைராசிம்மா உன்னுது" என்றாள். இன்னொருத்தி படி இறங்கி ஓடினாள். மாடி இரண்டே நிமிடத்தில் காலியாகிவிட்டது. கோமளம்மா மட்டும் நின்று, "எட்டு வருஷமா உன்ன நம்பினோமே, எங்க பொண்ணுதானா உனுக்குக் கெடச்சுது?" என்று ஆரம்பித்தார். நிறையச் சொன்னார். எல்லாம் இங்கே சொல்லத் தேவையில்லை.

பிரமிளா அழவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, புழுத் தண்ணிய ஊத்தியிருந்தாகூட மருந்து போட்டுக் காப்பாத்தியிருக்கலாம் இல்ல? இத இன்னா போட்டுக் காப்பாத்தறது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் படித்தவள் என்பதால். எனக்கும் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வேறு தெரியவில்லை. மாற்றினோம். நானும் இரண்டு குடம் தூக்கினேன். புதன்கிழமைக்குள் முப்பத்தொன்று போய்விட்டது.

அந்த வாரம் ஏழு வீட்டுக்காரர்களும் எங்கள் கடைக்கு வந்தார்கள். நாலு வீட்டில் புழு இருந்தது. சீக்கிரம் தெரிந்ததால் எல்லாம் பிழைத்துவிட்டன. அக்கா சொல்லியிருக்காவிட்டால் அந்த நாலு வீடும் போயிருக்கும். ஆனால் அதற்காக யாரும் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் புதுத் தொட்டி வைத்தார்கள். குடம் வேறு வீட்டுக்குப் போனது. பிரமிளா மறுபடி ஆறு மணி வண்டி ஏறுகிறாள். மீதி ஒன்பது ஏஞ்சலையும் கோமளம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். குழந்தையைப் பகலில் கோமளம்மா அக்கா வீட்டுப் பக்கம் விடுவதில்லை. அது எதிர்த் திண்டில் உட்கார்ந்து அழுவது அக்காவின் மாடிக்குக் கேட்கும்.

பவுனம்மாள் போன வாரம் கடைக்கு வந்தபோது சொன்னார், அக்கா இப்போதும் சாப்பிடும்போது தட்டை வைத்துவிட்டுச் சொல்கிறாராம்: "நல்ல தண்ணியா ஒரு குடம் குடுத்திருந்தா அதுங்க நின்னிருக்கும். நான்தான் கொன்னேன்."

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தது. நான் நிச்சயம் என்று சொன்னது பாடத்தில் இருந்த வார்த்தையா, அல்லது அந்தத் தெருவில் எல்லாரும் சொல்லிக் கேட்டு நானே பாடத்தோடு சேர்த்துக்கொண்டதா என்று. பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரை படித்தேன். போன செவ்வாய்க்கிழமை இதே பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்திருந்து டாக்டரிடமும் கேட்டேன். இன்றைக்கு வந்ததும் அதற்காகத்தான். அக்காவின் சுத்தமான தொட்டி ஒன்றிலிருந்து பவுனம்மாளை விட்டு ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். இரண்டையும் பரிசோதிக்கக் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். முழுக்க உறுதி ஆகாமல் சொல்லி, மறுபடி ஒரு தப்பு ஆகிவிடக்கூடாது இல்லையா?

புத்தகமும் கட்டுரைகளும் டாக்டரும் சொன்னது ஒன்றேதான், அண்ணா. கழிவை மாற்றுகிற அந்த நல்ல கிருமி கல்லிலும் ஸ்பாஞ்சிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. தண்ணீரில் அது ஏறக்குறைய கிடையாது. ஒரு குடம் இல்லை, அக்காவின் மூன்றாம் தொட்டியையே முழுசாக மொண்டு ஊற்றியிருந்தாலும் பிரமிளாவின் மீன்கள் அதே திங்கட்கிழமை செத்திருக்கும்.